இடப்பக்க மேசை

ஐந்தாவது சுற்று முடிந்தபோது கோரினுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. எங்காவது சாய்ந்து கண்ணை மூட வேண்டும். மெத்தை வேண்டாம், போர்வை வேண்டாம், இந்தப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியே போதும். முதியோர் இல்லத்தில் முழு இரவும் வேலை பார்த்துவிட்டு, காலை ஆறு மணிக்குச் சீருடையைக் காருக்குள்ளேயே மாற்றிக்கொண்டு, நெப்ராஸ்காவின் பிப்ரவரிப் பனியில் ஐம்பது மைல் ஓட்டி நேராக இங்கே வந்தவள். எட்டு மணி முதல் நடுவர் வேலை. சம்பளம் கிடையாது. ஒரு டோனட், வேண்டிய அளவு காபி.

விவாதப் போட்டிக்கு மூன்று பிள்ளைகளை அனுப்பும் பள்ளி, கூடவே ஒரு நடுவரையும் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஒரு பிள்ளையின் பெயரை அடித்துவிடுவார்கள். யாரை அனுப்புவது? சனிக்கிழமை என்றதும் மற்ற அப்பா அம்மாக்களுக்கெல்லாம் திடீரென்று முதுகு பிடித்துக்கொள்ளும். கோரினுக்கு உண்மையிலேயே முதுகு வலி, அதனால் அவளுக்கு அந்தச் சாக்கு சொல்லத் தோன்றவில்லை. மகள் டெலியா ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு குளிர்காலம், ஒரு சனிக்கிழமை விடாமல் வந்துகொண்டிருக்கிறாள். நடுவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று கேட்காதீர்கள். விழித்திருக்க வேண்டும். அதுதான் இன்று அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தப் பருவத்தின் தலைப்பு, வயதான பெற்றோரைப் பராமரிப்பதைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பது. கறுப்புக் கோட்டுப் போட்ட பதினாறு வயதுப் பிள்ளைகள் காலையிலிருந்து முதுமையின் மாண்பு பற்றி அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு கிழவரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனதில்லை என்று அவள் தன் கார் சாவியைப் பந்தயம் கட்டுவாள். முந்தின இரவு அவள் பதினோரு பேரைக் கூட்டிப்போயிருந்தாள்.

எல்லாம் டெலியாவின் கல்லூரிக்காகத்தான். அதை மறைப்பானேன்? கிழக்கே, கடலோரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். நவம்பரில் விண்ணப்பித்தாள். டிசம்பரில் பதில் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம் என்றும் இல்லை, மாட்டோம் என்றும் இல்லை. வசந்தத்தில் மறுபடி பார்க்கிறோம், அதற்குள் புதிதாக ஏதாவது சாதித்தால் பிப்ரவரி பதினைந்துக்குள் ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் தொண்டையில் முள் சிக்கியது மாதிரிதான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"மாநிலப் போட்டிக்குத் தகுதின்னு ஒரு வரி போட்டா, கடிதம் கனமா இருக்கும்," என்றார் பள்ளி ஆலோசகர். எந்தக் கல்லூரி இதை எந்தத் தராசில் போட்டு நிறுக்கிறது என்று அந்த ஊரில் ஒருவரும் கண்டதில்லை. ஆனால் நிறுக்கிறார்கள் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஆதாரம், பல் டாக்டரின் மகன். மாநிலப் போட்டியில் அரையிறுதி போனான், அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பல் டாக்டரின் தங்கை அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இன்று வட்டாரப் போட்டி. ஐந்து சுற்று முடிவில் முதல் எட்டுப் பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். ஒன்பதாமவர் வீட்டுக்குப் போவார்.

ஐந்தாவது சுற்றில் கோரினுக்குக் கிடைத்தது வேதியியல் வகுப்பறை. இரண்டு பெண்கள். நகரத்துப் பெரிய பள்ளியிலிருந்து கெண்டல், ஆதரவுப் பக்கம். முந்நூறு பேர்கூட இல்லாத ஏதோ சிற்றூரிலிருந்து மாரிட், எதிர்ப்புப் பக்கம். நடுவருக்கு இடப்பக்க மேசையில் ஆதரவு, வலப்பக்க மேசையில் எதிர்ப்பு என்பது இவர்களிடையே எழுதாத சட்டம். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். ஆனால் கெண்டலின் மடிக்கணினி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. மின் இணைப்பு இருந்ததோ வலப்பக்கச் சுவரில்.

"மேடம், நாங்க இடம் மாத்தி உட்காரலாமா?"

"உட்காருங்கம்மா. தரையில வேணாலும் உட்காருங்க," என்றாள் கோரின். பெண்கள் இருவரும் சிரித்தார்கள். மேசை மாறி உட்கார்ந்தார்கள்.

கெண்டல் நன்றாகப் பேசினாள். கடைந்தெடுத்த பேச்சு, புள்ளிவிவரம் புள்ளிவிவரமாக. மாரிட் அவ்வளவு மெருகாகப் பேசவில்லை. ஆனால் கடைசிப் பேச்சில் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, "சட்டம் போட்டா பிள்ளை வந்து பக்கத்துல உட்காரும். வயசானவங்க அந்த மூஞ்சிய நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு இருக்கணும். அது தண்டனை யாருக்கு?" என்று கேட்டாள். கோரினுக்குத் தூக்கம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியைத் தடவிக்கொண்டே பெற்ற தாயின் கட்டிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் மகன்களை அவள் வாராவாரம் பார்க்கிறவள். குறிப்பேட்டில், 'இடப்பக்கப் பெண் ஜெயித்தாள், சந்தேகமே இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

பிள்ளைகள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். முடிவுகளைத் தொகுக்கும் அறையிலிருந்து குறுஞ்செய்திக்கு மேல் குறுஞ்செய்தி. வெற்றி யாருக்கு என்பதை உடனே அனுப்புங்கள், கருத்துகளைப் பிறகு எழுதலாம். அவள் கணினியில் வெற்றியை அழுத்தினாள், புள்ளிகளைப் போட்டாள், அனுப்பினாள், எழுந்து வந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் தீர்ந்துபோயிருந்தன. ரோலின் அடியில் ஒட்டிய சர்க்கரையை ஒரு தன்னார்வலர் சுரண்டிக்கொண்டிருந்தார். கோரின் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி முழுதாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"அம்மா. அம்மா, எழுந்திரு."

டெலியா. கறுப்புக் கோட்டு, காலில் வெறும் காலுறை, கையில் குதிகால் செருப்பு. முகம் வெளுத்திருந்தது.

"தோத்துட்டேன்மா. சொல்லக் கூடாதுதான், ஆனா நடுவர் அங்கேயே சொல்லிட்டார். மூணு வெற்றி, ரெண்டு தோல்வி."

"அய்யோ. அப்ப முடிஞ்சுதா?"

"முடியல, அதான் சொல்ல வந்தேன். நான் கணக்குப் போட்டுட்டேன். நாலு ஜெயிச்சவங்க ஏழு பேர் நிச்சயம். கெண்டல் அஞ்சாவதுல தோத்திருந்தாலும் அவளுக்கு நாலு இருக்கு, அவ எப்படியும் உள்ள. எட்டாவது இடம் மாரிட்னு ஒருத்தி கையில இருக்கு. அவ அஞ்சாவதுல ஜெயிச்சிருந்தா அவளுக்கும் நாலு, அவ உள்ள போயிடுவா. தோத்திருந்தா மூணு ஜெயிச்சவங்கள்ல எனக்குத்தான் பேச்சுப் புள்ளி அதிகம். நான் உள்ள. புரியுதா?"

கோரினுக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"டெலி," என்றாள். "மாரிட்டோட நடுவர் நான்தான்."

டெலியா செருப்பைக் கீழே வைத்தாள். "யாருக்குக் குடுத்த?"

நடுவர் வெளியில் சொல்லக் கூடாது என்று விதி. ஆனால் பெற்ற மகள் காலுறையோடு எதிரே நிற்கும்போது விதியை எங்கே தேடுவது? "அவளுக்குத்தான். நல்லாப் பேசினாடி. என்னால வேற மாதிரி குடுக்க முடியல."

டெலியா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அழுதிருந்தால் கோரின் கட்டிப்பிடித்திருப்பாள். இப்படித் தலையாட்டினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்ததால் கணினியைத் திறந்தாள். மாரிட்டுக்குக் கருத்தாவது ஒழுங்காக எழுதுவோம் என்று தீர்ப்புப் பக்கத்தை எடுத்தாள். வெற்றி: ஆதரவு. கெண்டல்.

மறுபடி பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டும் பார்த்தாள். வெற்றி கெண்டலுக்கு. புள்ளிகளும் இடம் மாறி ஒருவருடையது இன்னொருவருக்கு. 'இடப்பக்கப் பெண்' என்று குறிப்பேட்டைப் பார்த்தவள், பழக்க தோஷத்தில் இடப்பக்கம் என்றால் ஆதரவு என்று அழுத்திவிட்டாள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பு.

"கடவுளே," என்றாள் வாய்விட்டு.

டெலியா அதற்குள் அவள் தோளுக்குப் பின்னால் வந்து திரையைப் படித்துவிட்டாள். நான்கு வருடமாகத் தீர்ப்புப் பக்கங்களைப் படிக்கிற பெண், அவளுக்கு மூன்று நொடி போதும். "தப்பா அழுத்திட்ட," என்றாள் மெதுவாக. "அவங்க மேசை மாறி உட்கார்ந்தாங்களா?"

"ஆமா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன். பட்டியல் ஒட்டுற வரைக்கும் மாத்தலாம்னு காலையில சொன்னாங்க." கோரின் எழுந்தாள்.

"இரு." டெலியா அவள் கையைப் பிடித்தாள். "இங்க வேண்டாம், வா."

மாடிப்படிக்கு அடியில், பழைய பரிசுக் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். வெளியே வராந்தாவில் இரண்டு மூன்று பிள்ளைகள் வழக்கம்போல் சுவரைப் பார்த்து நின்று, கையை ஆட்டி ஆட்டிச் சுவரிடமே பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள். டெலியா ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள். தோள்கள் இறங்கின. குரலும் ஒரு படி இறங்கியது.

"மூணு விஷயம் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் போ. முதல்ல, இதால யாருக்கு என்ன நஷ்டம்? மாரிட் பதினொன்னாம் வகுப்பு. அவளுக்கு இன்னொரு வருஷம் இருக்கு. எனக்கு இந்த ஒரு வாரம்தான் இருக்கு. பதினஞ்சாம் தேதி கடிதம். நஷ்டம் ரெண்டு பக்கமும் சமம் இல்ல.

"ரெண்டாவது, நடுவர்கள் தப்புப் பண்றது புதுசு இல்ல. ரெண்டாவது சுற்றுல என் நடுவர் கைபேசியில கூடைப்பந்து பார்த்துக்கிட்டு இருந்தார். எனக்குத் தோல்வி குடுத்தார். அவர் போய்த் திருத்தினாரா? இந்தக் கட்டடம் முழுக்க இன்னிக்கு எத்தனை தப்பு நடந்திருக்கும். யாரோட தப்பு திருத்தப்படும்? நேர்மையானவங்களோடது மட்டும். அப்படின்னா, நேர்மையானவங்களோட பிள்ளைங்க மட்டும்தான் தோக்கும். அதுக்குப் பேரு நியாயம் இல்லம்மா. அது நல்லவங்க மேல போடுற வரி.

"மூணாவது." இங்கே கொஞ்சம் நிறுத்தினாள். "நீ போறது மாரிட்டுக்காக இல்ல. உன் மனசு சுத்தமா இருக்கணும், அதுக்காக. அதுல தப்பில்ல. ஆனா அதுக்கு விலை குடுக்கறது நான். நாலு வருஷமா நீயும்தான் குடுத்திருக்க. தூக்கத்தக் குடுத்திருக்க. அது அத்தனையும் ஒரு மேசை இடம் மாறினதுக்காகப் போகணுமா?"

முடித்துவிட்டாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

கோரின் சுவரில் சாய்ந்திருந்தாள். நான்கு வருடத்தில் எத்தனையோ நூறு பிள்ளைகள் பேசி அவள் கேட்டிருக்கிறாள், தன் மகள் பேசிக் கேட்டதே இல்லை. சொந்தப் பள்ளிப் பிள்ளைக்கு நடுவராக இருக்கக் கூடாது. டெலியா ஓர் அறையில் பேசும்போதெல்லாம் கோரின் வேறோர் அறையில் யாருடைய பிள்ளைக்கோ மார்க்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் கேட்டால், "போம்மா, வெக்கமா இருக்கு," என்று கதவைச் சாத்திக்கொள்வாள். எட்டாம் வகுப்பு முடியும்வரை ஹோட்டலில் தனக்கு என்ன வேண்டும் என்று பணியாளிடம் சொல்லக்கூட அம்மாவின் காதில் கிசுகிசுத்த பிள்ளை இது. இதுவா இப்படிப் பேசுகிறது?

அவளுக்குப் பெருமை பொங்கியது. அதைச் சொல்லாமல் என்ன. கூடவே பயமும் வந்தது. நேர்மைக்கு வரி என்றாளே, அதற்கு என்ன சொல்வது? அந்த நேரத்துக்கு அது சரி என்றே பட்டது. அவள் களைத்திருந்தாள். களைத்தவர்களுக்குச் சும்மா இருப்பதைப் போல நியாயமானது எதுவுமே இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாம், நாற்காலிக்குத் திரும்பிப் போய்க் கண்ணை மூடிக்கொண்டால் போதும். பத்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும், மகள் மாநிலப் போட்டிக்குப் போவாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது."

"சரி. இப்ப மறுபக்கம் பேசு."

"என்னது?"

"உங்களுக்கு அதானே பழக்கம். ஒரு சுற்று ஆதரவு, ஒரு சுற்று எதிர்ப்பு. நீயே காலையிலேர்ந்து ரெண்டு பக்கமும் பேசியிருக்க. இதுக்கும் பேசு. உன்ன எதிர்த்துப் பேசற அளவுக்கு எனக்கு மூளை ஓடலடி. நீயே பேசு. ரெண்டையும் கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

"இது விளையாட்டு இல்லம்மா."

"நானும் விளையாடல."

டெலியா பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்படித் திரும்பி நின்றால்தான் இவர்களுக்கு யோசனை வரும் போலிருக்கிறது. "முதல்ல," என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மறுபடி, "முதல்ல," என்றாள். ஒரு கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. கடிகாரம் மாதிரி நிமிடக் கணக்குப் பிசகாமல் பேசத் தெரிந்த பெண், சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். வராந்தாவில் யாரோ ஓடினார்கள்.

"அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு பாயின்ட்தான் இருக்கு," என்றாள் கடைசியில், திரும்பாமலே. குரல் ஒன்பதாம் வகுப்புக் குரலாகிவிட்டது. "அவ ஜெயிச்சா."

கோரின் சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"போம்மா. நான் மறுபடி ஆரம்பிக்கறதுக்குள்ள போ."

முடிவுகளைத் தொகுக்கும் அறை நூலகத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே வெர்ன் என்று ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், பேன்ட் நழுவாமலிருக்கத் தோள்பட்டி போட்டுக்கொண்டு, மூன்று கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அச்சு இயந்திரம் சூடாகிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?"

"வேதியியல் அறை, அஞ்சாவது சுற்று. வெற்றிய மாத்தி அழுத்திட்டேன் சார். புள்ளியும் மாறிடுச்சு."

அவர் நிமிரவில்லை. "மேசை மாறி உட்கார்ந்தாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷத்துக்கு நாலு பேர் வந்து சொல்றாங்க. வந்து சொல்லாதவங்க எத்தனை பேர்னுதான் தெரியாது." விசைகளைத் தட்டினார். கோரின் தன் குறிப்பேட்டை நீட்டினாள். இரண்டு கோடு போட்ட வரியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். திரையில் பெயர்கள் ஒரு முறை குலுங்கி மறுபடி வரிசையில் நின்றன. எட்டாவது இடத்தில் இருந்த பெயர் ஒன்பதாவதுக்கு இறங்கியது.

வெர்ன் அந்தப் பெயரைப் படித்தார். பிறகு கோரினின் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் படித்தார். இரண்டிலும் ஒரே குடும்பப்பெயர், ஒரே பள்ளி.

"இது..."

"மகள்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று கோரின் காத்திருந்தாள். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகக்கூட இருந்தது. சொன்னால் அங்கேயே உடைந்து அழுதுவிடுவாள்.

"அங்க புதுசாப் போட்ட காபி இருக்கும்மா," என்றார் வெர்ன். "ஓட்டிட்டுப் போகணும்ல. ஒரு கப் குடிச்சுட்டுப் போ."

விளையாட்டரங்கின் கதவில் பட்டியலை ஒட்டினார்கள். கூட்டம் முண்டியடித்தது. மாரிட் தன் பெயரைக் கண்டதும் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஓரமாகப் போய்க் கைபேசியில், "அப்பா, எட்டாவது. எட்டாவதுப்பா. டிராக்டர நிறுத்திட்டுக் கேளு," என்று சொல்லிக்கொண்டிருந்தது கோரின் நின்ற இடம் வரை கேட்டது. நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அவள் ஜெயித்தாள், அவ்வளவுதான். டெலியா அவளிடம் போய்க் கைகொடுத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நேராக நடந்து வந்து, "போலாமா?" என்றாள்.

பள்ளிப் பேருந்தில் வரவில்லை என்று விவாதப் பயிற்சியாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவோடு காரில் ஏறினாள். கார் இருபது மைல் ஓடியது. சாலையின் இருபுறமும் அறுத்த சோளக்காடு, பனி, மறுபடி சோளக்காடு. கோரின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினாள், குளிர் அடித்தால் தூக்கம் வராது என்று.

"அம்மா, ஒன்னு கேட்கவா?"

"கேளு."

"நான் பேசினது எப்படி இருந்துச்சு? மாடிப்படிக்கிட்ட. உண்மையச் சொல்லு."

"நல்லா இருந்துச்சுடி," என்றாள். "நாள் முழுக்கக் கேட்டதுல அதான் நல்ல பேச்சு. கேட்கறப்ப பயமாவும் இருந்துச்சு."

டெலியா லேசாகச் சிரித்தாள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள் என்று தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தாள். கோரினின் மனது கொஞ்சம் லேசானது. போகட்டும், ஒரு கல்லூரி இல்லாவிட்டால் இன்னொன்று. பக்கத்திலேயே மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே படித்தவர்களும் மனிதர்கள்தானே. இந்தப் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னும் ஐந்து மைல் போனார்கள். டெலியா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மடியில் திறந்தாள்.

"அம்மா, மாநிலப் போட்டின்னு எழுத முடியாது. ஆனா இன்னிக்கு நடந்தத எழுதலாம்ல? கடிதத்துல."

"எத?"

"இதத்தான். நீ தப்பா அழுத்தினது, எனக்கு இடம் கிடைச்சது, நம்மளே போய்த் திருத்தினது. ஆலோசகர் சொல்லுவார், பதக்கத்த விட இந்த மாதிரிக் கதைதான் அவங்களுக்குப் பிடிக்கும்னு. குணம் தெரியுதாம்." விரல்கள் ஏற்கெனவே தட்ட ஆரம்பித்திருந்தன. "அவ ஜெயிச்சான்னு சொல்லி உன்னப் போகச் சொன்னது நான்தானே. அது உண்மைதானே?"

"உண்மைதான்."

"அதுக்கு முன்னாடி பேசினத எழுத வேண்டியதில்லல்ல? ஒரு பக்கம்தாம்மா இடம்."

கோரின் சாலையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை. எழுதாதே என்று சொல்லலாம். மகள் மூன்று காரணம் சொல்வாள். மூன்றும் சரியாக இருக்கும். காலையிலிருந்து அவள் ஐந்து தீர்ப்பு எழுதி, அதில் ஒன்றைத் திருத்தியும் எழுதியிருந்தாள். இனி ஒன்று சொல்ல அவளால் ஆகாது.

"எழுதிக்கோ," என்றாள். "ஆனா எனக்குப் படிச்சுக் காட்டாதே."